ஆர் நீங்கள் ரெண்டு பேரும்?

போன வருசம் ஆடி மாசம் அக்காவும் அத்தானும் ஸ்காபரோவிலிருந்து காரில் மேற்குப் பக்கமாக வெளிக்கிட்டவை. கலியாணம் முடிஞ்சு ஏழு வருசத்துக்குப் பிறகு ரெண்டு பேரும் தனியப் போன முதல் பயணம். பிள்ளையை மாமியிட்ட விட்டிட்டுப் போனவை. வினிபெக்கில் ஒரு நாள் நின்று, பிறகு சஸ்கற்றூன். அங்கேயிருந்து வாட்ஸப்பில் ஒரு படம் வந்தது. ஆற்றங்கரையில் ஒரு வாங்கு. அதில் ஒரு தேத்தண்ணிப் போத்தல், பக்கத்தில் நீட்டிய நாலு கால்கள், முன்னால் ஆறு. கீழே அக்காவின் குரல்: "எடி, இது எங்கட ஊர் மாதிரியே இருக்கு. ஒரே வெளி. மலை எண்டு ஒண்டும் இல்லை. வானம் நிலத்தில முட்டுது."

முதலில் சிரித்தோம். புவியியலில் பிரெய்ரிப் புல்வெளி என்று பாடமாக்கினதும் பாப்பாமோட்டையும் ஒன்றா? பிறகு யோசித்துப் பார்த்தால் அக்கா சொன்னதில் பிழை இல்லை. மன்னார் – பூநகரி வீதியில் திருக்கேதீச்சரம் தாண்டி விடத்தல்தீவுப் பக்கம் போகிற பஸ்ஸில் யன்னல் ஓரம் இருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒரு பக்கம் வயல், மற்றப் பக்கம் கண்டலும் உவர்நிலமும், அதுக்கு அங்கால கடல். காத்து நிற்காது. தூரத்தில் வருகிற மோட்டச் சைக்கிளை அது உங்களிடம் வந்து சேர வெகு நேரம் முன்பே கண்டுவிடலாம். (உங்களையும் எல்லாரும் கண்டுவிடலாம். இந்தக் கட்டுரையே கிட்டத்தட்ட அதைப் பற்றித்தான்.)

வெளி இருக்கு. ஆறும் இருக்கு. அனுராதபுரத்தைக் கடந்து, செட்டிகுளம் பக்கமாக இறங்கி, அரிப்புக்குக் கிட்ட கடலில் விழுகிற அருவியாறு, சிங்களத்தில் மல்வத்து ஓயா. 164 கிலோமீற்றர். மகாவலிக்கு அடுத்தபடியாக நாட்டின் நீளமான ஆறு. அதை நாங்கள் ஒழுங்காகப் பார்த்ததே இல்லை.

நாங்கள் என்றால் ரெண்டு பேர். கலைப்பீடம், மூன்றாம் வருடம். ஒருத்தி பாப்பாமோட்டை, மற்றவன் வலிகாமம். ரெண்டரை வருசமாக ஒன்றாகப் படிக்கிறம், ஒன்றாகச் சாப்பிடுறம், கலியாணம் கட்டுற எண்ணமும் இருக்கு. இந்தக் கட்டுரையில் எங்கள் பெயர் இல்லை. ஏன் இல்லை என்பது வாசிக்கிற உங்களுக்கு விளங்கும்.

சஸ்கற்றூன் படத்தைப் பார்த்து எங்களுக்கு வந்த கேள்வி சின்னது. இருபத்திரண்டு வருசம் இந்த மாவட்டத்தில் பிறந்து வளர்ந்த ஒருத்தி ஏன் தன் ஆற்றைப் பார்க்கவில்லை? கணக்குப் போட்டால், எங்கள் ஊர்ப் பெட்டையள் ஊரை விட்டு வெளியே போவதற்கு இருக்கிற காரணங்களை ஒரு கை விரலில் எண்ணலாம். பள்ளிக்கூடச் சுற்றுலா, ஆவணியில் மடுத் திருவிழா, கலியாண வீடு, செத்த வீடு, ஆஸ்பத்திரி. பொடியன்களுக்குப் பிரச்சினை இல்லை. மூன்று பேர் ஒரு சைக்கிளில் ஏறிக் குளக்கட்டுக்குப் போவார்கள், ஆரும் கேட்க மாட்டார்கள். ஆனால் ஒரு பெட்டை ஆற்றைப் பார்க்கிறதுக்காகவே ஆற்றுக்குப் போனாள் என்று சொன்னால் ஊர் நம்பாது. "ஆத்தில என்ன கிடக்கு?" என்று கேட்கும்.

இதில் இன்னொரு பக்கமும் இருக்கு, அதை மறைக்கக் கூடாது. பாப்பாமோட்டைக்காரி அந்த ஆற்றை ஒருமுறை கண்டிருக்கிறாள். 2009இல், ஆறு வயதில். மெனிக் பாம் முகாம் செட்டிகுளத்தில் அந்த ஆற்றங்கரையில்தான் இருந்தது. சனம் குளித்ததும் உடுப்புத் தோய்த்ததும் அந்தத் தண்ணியில். அவளுக்கு ஞாபகம் இருப்பது கலங்கின தண்ணியும், தன் கையை விடாமல் பிடித்திருந்த சித்தியின் கையும்தான். ஆற்றைப் பார்க்கப் போகலாமா என்று ஒருமுறை சும்மா கேட்டபோது அம்மா சொன்னா: "அந்த ஆத்தை நான் கம்பிக்குள்ள நிண்டு பாத்திட்டன். இனி என்ன பாக்கக் கிடக்கு?" அம்மா கோபமாகச் சொல்லவில்லை. மீன் வெட்டிக்கொண்டு சொன்னா.

இந்த வருசம் பங்குனியில் போனோம். பொய் சொல்லித்தான் போனோம். அவள் வீட்டில் "மன்னாரில சிநேகிதியோட நிண்டு அசைன்மென்ற் முடிக்கப் போறன்" என்றாள். அவன் வீட்டில் ஒன்றும் சொல்லவே இல்லை, ஏனென்றால் அவனை ஒருவரும் கேட்கவில்லை. இந்த வித்தியாசத்தைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை எழுதலாம். காலை பஸ்ஸில் அவள் மன்னார் வந்தாள். முதல் நாளே வந்து நண்பன் வீட்டில் தங்கின அவன், இரவல் வாங்கின மோட்டச் சைக்கிளோடு நின்றான்.

அன்றைக்கு எங்களிடம் "ஆர் நீங்கள் ரெண்டு பேரும்?" என்று எத்தனை பேர் கேட்டார்கள் என்று எண்ணினோம். ஒரு பொலிஸ்காரர் (அடையாள அட்டையும் பார்த்தார், ரெண்டிலும் வேறு வேறு முகவரி என்று கண்டதும் இன்னொரு தரம் பார்த்தார்). பெற்றோல் செட்டில் ஒரு ஐயா. தேத்தண்ணிக் கடையில் ஒரு அன்ரி. ஆற்றங்கரையில் நாலு பொடியன்கள். கடைசியில் ஒரு விடுதி. ஐந்து. கேட்காமல் பார்வையாலேயே கேட்டவர்களைக் கணக்கில் சேர்க்கவில்லை. மன்னார்க் கழுதையள் சோடி சோடியாக நடுறோட்டில் நின்றன. அதுகளை ஒருத்தரும் கேட்கவில்லை.

முதலில் குஞ்சுக்குளம் தொங்குபாலத்துக்குப் போனோம். மழைக்காலத்தில் ஆறு பெருகி அந்த ஊரைத் துண்டித்துவிடும் என்று செய்தியில் வரும் இடம். பங்குனியில் ஆறு மெலிந்து, மணல் திட்டெல்லாம் வெளியே தெரிய, மருத மர நிழலில் பச்சையாகக் கிடந்தது. பாலம் ஆடியது. நடுவில் நின்று கீழே பார்த்தபோது அவள் சொன்னாள், "தண்ணி கலங்கல் இல்லையே" என்று. அதுக்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. நாங்கள் பாலத்தின் நடுவில் கொஞ்ச நேரம் நின்றோம். கட்டுக்கரைக் குளத்துக்குத் தண்ணியைத் திருப்புகிற தேக்கம் அணைக்கட்டும் அந்தப் பக்கம்தான். வயல் விதைக்கிற சனத்துக்கு அந்தத் தண்ணி தெரியும், அந்த ஆறு தெரியாது என்பது எவ்வளவு விசித்திரம் என்று கதைக்கத் தொடங்கினபோது, கரையில் இருந்த பொடியன்கள் விசிலடித்தார்கள். பிறகு ஒருவன் எங்களைப் படம் எடுக்கக் கையடக்கத் தொலைபேசியைத் தூக்கினான். அத்தோடு வெளிக்கிட்டோம். இருக்க ஒரு வாங்கு இல்லை, ஒரு கழிப்பறை இல்லை. இருந்திருந்தாலும் இருந்திருக்க மாட்டோம்.

முருங்கனால் திரும்பிச் சிலாபத்துறைப் பாதையில் அரிப்புக்குப் போனோம். ஆறு முடிகிற பக்கம். இந்த ஆற்றோடு சேர்ந்த மிகப் பிரபலமான பயணக் கதையும் ரெண்டு பேருடையதுதான். கண்டி அரசனிடம் 19 வருசத்துக்கு மேல் கைதியாக இருந்த றொபர்ட் நொக்ஸும் அவருடைய தோழர் ஸ்டீபன் ரட்லண்டும் 1679இல் அனுராதபுரம் பக்கமிருந்து இந்த ஆற்றின் ஓரமாகவே காட்டுக்குள்ளால் நடந்து, ஐப்பசியில் அரிப்பில் இருந்த ஒல்லாந்தர் கோட்டைக்கு வந்து சேர்ந்தார்கள். தப்பி வந்த ரெண்டு பேரை அங்கே வரவேற்றார்கள். எங்களுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை என்று பகிடி விட்டோம்.

கடலோரத்தில் செங்கல்லும் சுண்ணாம்புமாக இடிந்து நிற்கிற கட்டடம், ஆங்கிலேய ஆளுநர் பிரெடெரிக் நோர்த் 1801 – 1804 காலத்தில் முத்துக்குளிப்பை மேற்பார்வை செய்யக் கட்டின மாளிகை. வெள்ளைக்காரர் அதை டொரிக் என்பார்கள். எங்கள் சனம் அதை அல்லிராணிக் கோட்டை என்கிறது. அது எங்களுக்குப் பிடிச்சிருக்கு. ஆம்பிளைத் துணை வேண்டாம் என்று ஆண்ட ஒரு ராணியின் பெயரை ஒரு ஆளுநரின் மாளிகைக்கு வைத்துவிட்ட ஊர் இது. மண்மேடு அரித்து அரித்து ஒரு பக்கம் ஏற்கெனவே கடலுக்குள் போய்விட்டது. எங்கள் பிள்ளைகள் அதைப் பார்ப்பார்களோ தெரியாது.

அங்கே இருக்கும்போதுதான் இரண்டாம் வருடத் தமிழ்ப் பாடம் ஞாபகம் வந்தது. உடன்போக்கு. பரீட்சைக்குப் பாடமாக்கி எழுதின விசயம். தலைவனும் தலைவியும் ஒருவருக்கும் சொல்லாமல் பாலை வழியாகப் போகிறார்கள். வழியில் அவர்களைக் காண்பவர்களுக்கு அகத்திணையில் தனி இடமே இருக்கு, கண்டோர் கூற்று என்று. கலித்தொகையில் ஒரு பாட்டு. மகளைத் தேடிப் போகிற செவிலித்தாய் வழியில் வரும் அந்தணரிடம் அவர்களைக் கண்டீர்களா என்று கேட்கிறாள். அவர்கள் கண்டோம் என்கிறார்கள். பிறகு சந்தனத்தையும் முத்தையும் யாழின் இசையையும் உதாரணம் காட்டி, அவளுக்காக வருந்த வேண்டாம் என்று அந்தத் தாயைத் தேற்றுகிறார்கள். முத்துக் கரையில் இருந்து அதை நினைத்தபோது சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. எங்கள் பண்பாடு, எங்கள் பண்பாடு என்கிறார்களே, அந்தப் பண்பாட்டின் ஆகப் பழைய பாட்டுக்களில் வழிப்போக்கர்கள் அடையாள அட்டை கேட்கவில்லை.

இனி விடுதிக் கதை. அடுத்த நாள் விடியப் பூநாரை பார்க்கிற எண்ணத்தில் (வங்காலைப் பக்கம் அந்த நேரம் இன்னும் நின்றன) மன்னாரில் ஒரு இடத்தில் அறை கேட்டோம். வரவேற்பில் இருந்தவருக்கு எங்கள் வயதுதான் இருக்கும். மரியாதையாகத்தான் கதைத்தார். "குறை நினைக்காதேங்கோ. கலியாண ரெஜிஸ்ரர் இருந்தாக் காட்டுங்கோ. இல்லாட்டிக் குடுக்கேலாது." ரெண்டு அறை எடுக்கிறம் என்றோம். அதுவும் ஏலாது என்றார். அந்த நேரம் முதுகுப் பையோடு ஒரு வெள்ளைக்காரச் சோடி வந்து கடவுச்சீட்டைக் கொடுத்துத் திறப்பை வாங்கிக்கொண்டு மேலே போனது. "அவையிட்ட ரெஜிஸ்ரர் கேட்டனீங்களோ, அண்ணை?" என்று கேட்டோம். அவர் சிரித்தார். "அவை வெளிநாட்டுக்காரர்தானே."

அவரில் எங்களுக்குக் கோபம் இல்லை. முதலாளி சொன்னதை அவர் சொல்கிறார், முதலாளி ஊருக்குப் பயப்படுகிறார். ஆனால் அந்தப் பதிலை இரவு முழுக்க யோசித்தோம். (அவன் திரும்ப நண்பன் வீட்டில், அவள் கடைசி பஸ்ஸில் பாப்பாமோட்டையில்.) தமிழ்ப் பண்பாடு தமிழரிடம் மட்டும் கேட்கப்படுகிற ஒரு பத்திரம் என்றால், அந்தக் கட்டடம் இருப்பது எங்கள் மண்ணில் என்பதற்கு என்ன அர்த்தம்? மன்னாரில் சுற்றுலா வளர வேண்டும் என்று எல்லாரும் பேசுகிறார்கள். 2015இல் தலைமன்னாருக்குத் திரும்ப ரயில் விட்டார்கள். பெருக்கமரத்துக்குப் பலகை போட்டார்கள். எல்லாம் நல்லது. அந்தச் சுற்றுலாப் பயணி என்ற சொல்லுக்குள் பாப்பாமோட்டைப் பெட்டை வருவாளா?

சட்டம் என்று ஒருவரும் சொல்ல வேண்டாம். 18 வயது தாண்டின ரெண்டு பேர் அறை எடுக்கக் கலியாணப் பதிவு வேண்டும் என்று இலங்கையில் சட்டம் இல்லை. பொது இடத்தில் சும்மா இருப்பவர்களை மிரட்ட வசதியாக ஒரு சட்டம் இருக்கு, 1841இல் ஆங்கிலேயர் கொண்டுவந்த அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டம். வெள்ளைக்காரன் வெளிக்கிட்டான், அவனுடைய சட்டம் வெளிக்கிடவில்லை. அதைத்தான் நாங்கள் பண்பாடு என்று நினைத்துக் காப்பாற்றுகிறமோ என்ற சந்தேகம் எங்களுக்கு உண்டு.

"பெட்டையளின்ர பாதுகாப்புக்குத்தான் கேக்கிறம்" என்பார்கள். இதை நாங்கள் லேசாக எடுக்கவில்லை. பாலத்தடியில் விசிலடித்தவர்களைப் பார்த்தபோது எங்களுக்கும் பயம் வந்தது. ஆனால் கவனியுங்கள், கேள்வி கேட்கப்பட்டது எங்களிடம், விசிலடித்தவர்களிடம் அல்ல. அந்த நாலு பேரிடமும் "ஆர் நீங்கள் நாலு பேரும்?" என்று ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள். இது பாதுகாப்பு என்றால் காவல் எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டு நிற்கிறது.

அம்மாவின் பயம் வேறு. அது விடுதிக்காரரின் பயம் இல்லை. கையை விட்டால் பிள்ளை காணாமல் போய்விடும் என்பது அம்மாவுக்குக் கதை இல்லை, அவ தன் கண்ணால் கண்ட விசயம். பாப்பாமோட்டையிலிருந்து 2008இல் வெளிக்கிட்டு, ஊர் ஊராக மாறி, முள்ளிவாய்க்கால் வரை நடந்து, முகாமுக்குள் போய்த் திரும்பின ஒருத்தி "ஆரோட போறாய்?" என்று கேட்பதைப் பிற்போக்கு என்று சொல்ல எங்களுக்கு வாய் வராது. எங்கள் பொய்யில் எங்களுக்கு வெட்கம் இருக்கிற ஒரே இடம் அதுதான். ஆனால் அம்மாவின் அந்தப் பயத்தைத்தான் ஊர் தன் வசதிக்குப் பாவிக்கிறது. அம்மா கேட்பது "திரும்பி வருவியா?" என்று. ஊர் கேட்பது "ஆருக்குச் சொந்தம்?" என்று. ரெண்டுக்கும் ஒரே சொற்கள்தான், அதுதான் கரைச்சல்.

"கலியாணம் கட்டிப்போட்டுப் போங்கோ, ஆர் வேண்டாமெண்டது?" என்பது அடுத்தது. சரி. கட்டினவர்கள் போகிறார்களா? எங்களுக்குத் தெரிந்த சோடிகள் நுவரெலியாவுக்கு மூன்று நாள் போய்ப் பூந்தோட்டத்தில் படம் எடுத்தார்கள், பிறகு பிள்ளை, பிறகு கடன். அக்காவுக்கு ஏழு வருசம் எடுத்தது, அதுவும் கண்டம் தாண்டினாப் பிறகு. ஒரு ஆளோடு வாழ்க்கை முழுக்க இருக்கலாமா என்பதை ஜாதகத்தை விட ஒரு நாள் பயணம் நன்றாகக் காட்டும் என்பது எங்கள் அனுபவம். பெற்றோல் முடிந்தால் ஆர் எரிந்து விழுகிறார், பொலிஸ் மறித்தால் ஆர் முன்னால் போகிறார், பழைய ஞாபகம் ஒன்று வந்து மற்றவர் பேசாமல் நிற்கும்போது சும்மா இருக்கத் தெரியுமா. குஞ்சுக்குளம் பாலத்தில் அவன் சும்மா இருந்தான். அது அவளுக்குப் போதுமாக இருந்தது.

சஸ்கற்றூனைச் சொர்க்கமாக்கவும் விருப்பமில்லை. அக்காவின் படத்தில் இருக்கிற ஆற்றங்கரைப் பாதையைப் பராமரிக்க 1979இலேயே ஒரு தனி அமைப்பு உருவாக்கினார்கள். அதன் பெயர் மீவாசின். அது கிரீ மொழிச் சொல், அழகானது என்று அர்த்தம். ஆனால் அதே நகரத்தில் பொலிஸ்காரர் பழங்குடி ஆண்களை வண்டியில் ஏற்றி, உறைபனியில் நகரத்துக்கு வெளியே இறக்கிவிட்டுப் போன கதைகள் 2000ஆம் ஆண்டளவில் வெளியே வந்தன. 1990இல் உறைந்து செத்துக் கிடந்த நீல் ஸ்டோன்சைல்டுக்கு வயது 17. விசாரணை அறிக்கை வர 2004 ஆனது. அழகானது என்ற சொல்லைத் தந்த சனத்துக்கு அந்த நகரம் எப்போதும் அழகாக இருக்கவில்லை. ஒரு ஆற்றங்கரையில் ஆர் பயமில்லாமல் இருக்கலாம் என்பது எங்கேயும் ஆரோ தீர்மானிக்கிற விசயம்தான். அங்கே சண்டை பிடித்து அதைக் கேள்வியாக்கினார்கள். இங்கே அது கேள்வியாகவே இன்னும் வரவில்லை.

நாங்கள் கேட்பது பெரிசாக ஒன்றும் இல்லை. குஞ்சுக்குளத்திலும் அரிப்பிலும் நிழலில் நாலு வாங்கு. பெண்கள் போகக்கூடிய ஒரு கழிப்பறை. பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகும் ஓடுகிற ஒரு பஸ். வயது வந்த ஆள் அடையாள அட்டையைக் காட்டினால் திறப்பைக் கொடுக்கிற ஒரு விடுதி. முதல் மூன்றையும் பிரதேச சபைகளும் போக்குவரத்துச் சபையும் மனம் வைத்தால் செய்யலாம். நாலாவதுக்குக் காசே தேவையில்லை. கலைப்பீடத்தில் பெண்ணியம் படித்துவிட்டு, தங்கச்சி ஒருத்தனோடு கடற்கரையில் நின்றாள் என்று கேள்விப்பட்டதும் மோட்டச் சைக்கிளை எடுக்கிற எங்கள் தோழர்களிடமும் ஒன்று கேட்க வேண்டும், ஆனால் அவர்கள் இதை வாசிப்பார்கள் என்று தெரியும், அதனால் இத்தோடு விடுகிறோம்.

அன்றைக்கு எடுத்த படங்களில் ஒன்றிலும் நாங்கள் ரெண்டு பேரும் சேர்ந்து இல்லை. தொலைபேசியை அம்மா எடுத்துப் பார்த்தால் என்ன செய்வது என்ற பயம். பாலத்தில் அவள் தனிய நிற்கிற படத்தை அக்காவுக்கு அனுப்பினோம். அக்கா உடனே குரலில் பதில் அனுப்பினா: "ஐயோ வடிவாயிருக்கடி, எங்கட ஆறோ இது?" பத்து நிமிசம் கழித்து இன்னொன்று வந்தது.

"படம் எடுத்தது ஆர்?"

இன்னும் பதில் போடவில்லை.